புதரும் வேண்டும், வெயிலும் வேண்டும்: நீலகிரி மலை ஓணானின் வாழ்க்கை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வேலிச் செடியை வெட்டும்போது சில சமயம் ஓர் ஓணான் கண்ணில் படும். வெளிர்பச்சை உடலில் ஒழுங்கில்லாத பழுப்புப் பட்டைகள், கண்ணிலிருந்து பின்னோக்கி ஓடும் கறுப்புக் கோடு. ஆணாக இருந்தால் பிடரியில் ஈட்டி முனை வடிவச் செதில்கள் வரிசையாக எழும்பி நிற்கும். பார்ப்பவர்கள் பெரும்பாலும் பச்சோந்தி என்றுதான் சொல்வார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. மெதுவாக, விட்டு விட்டு நடக்கும். சட்டென்று நிறம் மாறும். இரண்டு கண்களையும் தனித்தனியே திருப்பி, ஒரே நேரத்தில் முன்னாலும் பின்னாலும் பார்க்கும். ஆனால் பச்சோந்திக்கு உள்ள நீட்டும் நாக்கும், இரண்டு கட்டாகச் சேர்ந்த விரல்களும், சுருளும் வாலும் இதற்குக் கிடையாது. விரல்கள் நீண்டு, தனித்தனியாக, கூரிய நகங்களோடு இருக்கும். நம் நாட்டுப் பச்சோந்தி சமவெளியின் வறண்ட காடுகளில் வாழ்வது. இது குளிர்ந்த மலை உச்சியை விட்டுக் கீழே இறங்காத ஓணான்.

இதன் அறிவியல் பெயர் சாலியா ஹார்ஸ்ஃபீல்டியை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஜான் எட்வர்ட் கிரே 1845இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். யாருடைய பெயரை இது சுமக்கிறதோ அந்தத் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட், அமெரிக்காவில் பிறந்து, ஜாவாவில் பல ஆண்டுகள் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் வேலை பார்த்து, பிறகு லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டவர். மறு ஆண்டே கிரே, மதராஸ் ராணுவத்தின் மருத்துவர் ஜெர்டன் பெயரில் இன்னொரு சாலியாவை அறிவித்தார். அதுவும் இதே ஓணான்தான் என்று பின்னால் முடிவாகி அந்தப் பெயர் கைவிடப்பட்டது. அசலான இரண்டாவது சாலியா வர 1878 ஆயிற்று. மதராஸ் மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் ஆனைமலையில் கண்டறிந்த சாலியா அனமலையானா அது. சாலியா என்ற இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியில், இன்றைக்கு இருப்பது இந்த இரண்டு இனங்கள்தான். மியான்மர், சீன எல்லைப் பக்கத்து ஓணான் ஒன்றையும் ஒரு காலத்தில் சாலியா என்று சேர்த்திருந்தார்கள். இப்போது அது வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. ஆக, சாலியா முழுக்க முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து. அதிலும் தெற்குப் பகுதியின் உயர்ந்த மலைகளுக்கு மட்டுமே உரியது.

இரண்டு இனங்களும் ஒன்றுக்கொன்று அருகில்தான் இருக்கின்றன. நீலகிரியில் ஒன்று, ஆனைமலை, இரவிகுளம், கொடைக்கானல் மலைகளில் மற்றொன்று. பழனி மலையில் நீலகிரி இனத்தையும் பார்த்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. என்றாலும் அதன் முக்கிய வீடு நீலகிரிதான். நடுவே பாலக்காட்டுக் கணவாய். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம்தான். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மலையை ஏறாமலே கடந்துவிடுகிற இடைவெளி. ஆனால் கணவாயின் தரை இரு பக்கத்து மலைகளையும்விட மிகத் தாழ்ந்தது. 1,500 மீட்டருக்கு மேல் வாழப் பழகிய ஓணானுக்கு அந்த வெப்பமான தாழ்நிலம் கடல் போலத்தான். இறங்கிக் கடக்க முடியாது. இரு கரையிலும் தனித்தனியாக வாழ்ந்து, தனித்தனியாக மாறி, இரண்டு இனங்களாக நிற்கின்றன.

இதே கணவாய் பறவைகளையும் பிரித்திருக்கிறது என்பது கூடுதல் சான்று. சோலைகளில் வாழும் சோலைக்கிளி என்ற சிறு பறவையில் வடக்கே ஓர் இனம், தெற்கே வேறு இனம். சிலப்பன் பறவைகளிலும் அப்படியே. மரபணுவைப் பார்த்து இந்த இரண்டு பறவைக் குழுக்களும் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. சிறகிருக்கும் பறவையே கடக்காத இடத்தை, கிளை கிளையாக நிதானமாக நடக்கும் ஓணான் கடக்கவில்லை என்பதில் வியப்பில்லை. மலை உச்சிகளை வானத்துத் தீவுகள் என்று உயிரியலாளர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, அந்தத் தீவில் வாழ்க்கை எப்படி?

முதலில் குளிர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி நகரமே 2,200 மீட்டருக்கு மேல். நவம்பர் வாக்கில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. விடியற்காலையில் பள்ளத்தாக்குப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், தேயிலை கருகும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்குகிறது. மூடாக்கு இல்லாத புல்லின் மேல்தான் உறைபனி முதலில் படியும். புதருக்குள் அந்த அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை. ஓணானுக்கு உடல் வெப்பத்தை உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் வசதி கிடையாது. இரவு முழுக்க அதன் உடல், சுற்றியிருக்கும் காற்றின் குளிரிலேயே கிடக்கிறது. ஆகவே எந்தக் கிளையில் இரவைக் கழிக்கிறது என்பது உயிர் பிழைக்கிற கேள்வி.

மலையில் இன்னொரு பக்கமும் உண்டு. காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் மேகம் விலகினால் வெயில் சுரீரென்று அடிக்கும். நிழலில் ஸ்வெட்டர் தேவைப்படும், இரண்டடி தள்ளி வெயிலில் நின்றால் கழுத்து எரியும். மலை ஓணானின் பிழைப்பே இந்த இரண்டடியில்தான் நடக்கிறது. காலையில் குளிர்ந்து விறைத்த உடலோடு புதரின் மேற்பரப்புக்கு வரும். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, எவ்வளவு வெயில் விழுமோ அவ்வளவையும் வாங்கும். அடர்ந்த நிறம் வெயிலை அதிகம் உள்ளிழுக்கும், வெளிர் நிறம் குறைவாக. நிறம் மாற்றத் தெரிந்த உயிருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. உடம்பு சூடேறிய பிறகுதான் இரை பிடிக்க முடியும், தின்றதைச் செரிக்க முடியும், எதிரி வந்தால் ஒளிய முடியும். மேகம் மூடினால் அன்றைய பொழுது பெரும்பாலும் வீண்.

மழைக்காலத்தில் அந்த வீண் நாட்கள் வாரக்கணக்கில் நீளும். நீலகிரியின் மேற்கு விளிம்பில் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்பதற்கு அவலாஞ்சியைச் சொன்னாலே போதும். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மழை குறைந்த ஆண்டுகளில் சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையை நெருங்கும் அளவு அது. அந்த மாதங்களில் வெயில் காய ஒரு மணி நேரம் கிடைத்தாலும் ஓணானுக்கு அது பெரிய வரவு.

இதன் உடலை அருகிலிருந்து பார்த்தால் புதருக்காகவே ஆன உடல் என்று தெரியும். மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை 9.5 சென்டிமீட்டர்தான், வால் மட்டும் 25 சென்டிமீட்டர் வரை போகும். உடலைவிட இரண்டரை மடங்கு வால். மெல்லிய குச்சிகளின் மேல் நடக்கும்போது எடையைச் சமன் செய்ய அது உதவுகிறது. செதில்கள் பெரியவை. ஒவ்வொன்றின் நடுவிலும் கூரிய மேடு, ஒன்றின் மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். தலைச் செதில்களும் அப்படித்தான் கரடுமுரடாக இருக்கும். பல்லியைப் போல வாலை உதறிவிட்டுத் தப்புகிற வித்தை ஓணான் வகையறாவுக்கு வராது. போன வால் முழுசாகத் திரும்ப வளராது. வேகமாக ஓடவும் முடியாது. ஆகவே ஆபத்து வந்தால் கிளையின் மறுபக்கம் நகர்ந்து அசையாமல் நிற்கும். அதுவும் பலிக்காவிட்டால் பிடியை விட்டுப் பொத்தென்று கீழே விழுந்து, இலைச் சருகோடு சருகாகக் கிடக்கும். அடர்ந்த புதர் இருந்தால் இந்த உத்தி நன்றாகவே வேலை செய்யும். கீழே வெட்டவெளியாக இருந்தால் விழுந்த இடத்திலேயே காகத்துக்கு இரை.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது இதன் முட்டை. குளிர்ப் பிரதேசத்து ஊர்வனவற்றில் குட்டி போடும் பழக்கம் அதிகம் என்பது உலகமெங்கும் கண்ட உண்மை. காரணம் எளிது: மண் குளிர்ந்திருந்தால் முட்டைக்குள் கரு மெதுவாகத்தான் வளரும், சில சமயம் வளராமலே போகும். தாய் அதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டால் வெயில் காயும்போதெல்லாம் கருவுக்கும் வெப்பம் கிடைக்கும். நீலகிரியிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. பிடரியில் குதிரை லாடக் குறி உள்ள மலை விரியன் குட்டி போடுகிறது. தோட்ட மண்ணைக் கிளறினால் கிடைக்கும் கேடயவால் பாம்பும் குட்டி போடுகிறது. இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனால், கிட்டத்தட்ட இதே மாதிரியான குளிர்ந்த மலைக்காட்டில் கோஃபோடிஸ் என்ற குட்டையான ஓணான் இருக்கிறது. ஓணான் குடும்பத்தில் அரிதாக, அதுவும் நேரடியாகக் குட்டி போடுகிறது. வாலால் கிளையைப் பற்றிக்கொள்ளவும் செய்யும். அதன் உறவுக்கார இனம் ஒன்று நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து 2006இல்தான் பெயர் பெற்றது.

நீலகிரி ஓணான் மட்டும் அந்த வழிக்குப் போகவில்லை. இன்னமும் மூன்று நான்கு முட்டைகளைப் பொலபொலவென்ற மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டுப் போகிறது. சமவெளி ஓணான் செய்வதும் அதுதான்; ஆனால் சமவெளி மண் வெப்பமானது. இந்த மலையில் முட்டை பொரிய வேண்டுமானால் அது புதைக்கப்பட்ட மண்ணில் வெயில் விழ வேண்டும். புல்வெளிச் சரிவு, பாதையோரத்து மண் திட்டு, புதர்களுக்கு இடையே திறந்து கிடக்கும் இடம், இவைதான் அப்படிப்பட்ட மண். ஒளிய அடர்ந்த புதர், காய மேற்கிளையில் வெயில், முட்டைக்குச் சூடான வெற்று மண் என மூன்றும் சில மீட்டர் தூரத்துக்குள் சேர்ந்து கிடைக்க வேண்டும். மலை ஓணான் எங்கே பிழைக்கும், எங்கே பிழைக்காது என்பதை இந்த மூன்றை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

பழைய நீலகிரி இந்த மூன்றையும் தாராளமாகக் கொடுத்தது. மடிப்பு மடிப்பான குன்றுகளில், ஈரம் தங்கும் பள்ளங்களில் குள்ளமான, அடர்ந்த சோலைக்காடு. மேலே திறந்த சரிவு முழுக்கப் புல். இரண்டும் சேரும் விளிம்பில் குறிஞ்சி, தவிட்டுக்கொய்யா, ஊசிக்கலா, சிவப்புப் பூ ரோடோடென்ட்ரான். பார்ப்பவர்கள் சோலையைப் பார்த்து வியப்பார்கள், புல்வெளியைப் படம் எடுப்பார்கள். நடுவில் இருக்கும் புதர் வரிசையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஓணானின் ஊர் அந்த வரிசைதான். இந்த நிலம் காட்டை வெட்டியதால் உண்டானது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நீலகிரியின் சதுப்புக் கரியில், அதாவது சதுப்பு நிலத்தில் பாதி மக்கிப் படிந்த அடுக்குகளில், தங்கிய தாவர எச்சங்களை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, புல்லும் காடும் கடந்த 20,000 ஆண்டுகளாகவே காலநிலைக்கு ஏற்ப மாறி மாறிப் பரவியும் சுருங்கியும் வந்திருப்பதைக் காட்டியது. மனிதர் கைவைப்பதற்கு வெகு காலம் முன்பே இங்கே புல்வெளி இருந்தது.

ஆங்கிலேயர்கள் வந்தபோது அது தரிசு நிலமாகத் தெரிந்தது. 1840களில் ஆஸ்திரேலியச் சீகை (வாட்டில்) மரங்களும் இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் வந்தன. முதலில் விறகுக்கு, பிறகு, சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், ரேயான் கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த கணக்கின்படி, பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1970களிலிருந்து சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவீதம், மறைந்திருக்கிறது. அதே காலத்தில் சோலைக்காடுகள் பெரிய அளவில் குறையவில்லை. அழிவு புல்லின் மேல்தான் விழுந்தது. நட்ட மரங்கள் இப்போது தாமாகவே பரவுகின்றன.

மரம் கூடினால் மரமேறும் ஓணானுக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். சீகைக் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். வெயில் முழுவதும் மேலே உச்சிக் கிளையில் தங்கிவிடுகிறது. இடுப்பு உயரத்தில் அடர்ந்த புதர் இல்லை, நெட்டையான தண்டுகள்தான். தரையில் வெயில் படாத குளிர்ந்த சருகு. மூன்று தேவைகளில் ஒன்றுகூட அங்கே ஒழுங்காக நிறைவேறாது.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த செடிகளில் ஒன்று கோர்ஸ். இலைகளே முள்ளாக மாறிய, மஞ்சள் பூ பூக்கும் ஐரோப்பியப் புதர். தங்கள் ஊரில் வேலிக்குப் பயன்படுத்தியதை இங்கேயும் நட்டார்கள். அது வேலி தாண்டிப் புல்வெளிகளில் பரவியது. புல்லை மூடி அழிக்கிறது, எளிதில் தீப்பிடிக்கிறது, வெட்டினால் மீண்டும் துளிர்க்கிறது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அகற்ற வேண்டிய களைதான். ஆனால் நீலகிரி ஓணான் விரும்பிப் போய் வாழும் செடிகளில் இதுவும் ஒன்று. எல்லாப் பக்கமும் ஊசி முள். காகம் உள்ளே தலையை நுழைக்க முடியாது. புதரின் மேல் விளிம்பில் முழு வெயில். கீழே விழுந்தாலும் முள் கூரைக்குள்தான் விழும். பூவுக்கு வரும் பூச்சிகள் வாய்க்கு அருகிலேயே கிடைக்கும். தன் குறிஞ்சியும் ஊசிக்கலாவும் போன இடத்தில், அதே வேலையைச் செய்யும் அந்நியப் புதரை ஓணான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊட்டித் தோட்டங்களின் வேலிச் செடிகளில் இன்றும் இது தென்படுவதும் அதனால்தான்.

காகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றுலாப் பயணிகள் வீசும் தீனியும் நகரக் குப்பையும் சேரும் இடத்தில் காகங்கள் பெருகும். குப்பையில் வயிறு வளர்க்கும் காகம், பக்கத்துப் புல்வெளியில் மெதுவாக நடக்கும் ஓணானையும் விட்டுவைக்காது. இரை எவ்வளவு குறைந்தாலும் அதற்குப் பட்டினி இல்லை, சாப்பாடுதான் குப்பையில் இருக்கிறதே. வேட்டையாடும் பறவையின் எண்ணிக்கை இரையோடு சேர்ந்து குறையும் என்ற இயல்பான கட்டுப்பாடு இங்கே அறுந்துபோகிறது.

தமிழ்நாடு அரசு அந்நியக் களைச் செடிகளை அகற்றவும் இயற்கைச் சூழலை மீட்கவும் 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சீகை, உண்ணிச்செடி, கோர்ஸ் போன்றவற்றை அகற்றும் வேலையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். புல்வெளி திரும்பினால் ஓணானுக்கும் வெயில் விழும் மண் திரும்பும். அதில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு சரிவில் உள்ள கோர்ஸ் புதரை எல்லாம் ஒரே பருவத்தில் இயந்திரம் வைத்து வழித்தால், அங்கே வாழும் ஓணான்கள் போக இடமில்லாமல் வெட்டவெளியில் நிற்கும். மரம் விட்டு மரம் தாவும் குரங்கோ, பறந்துபோகும் பறவையோ இல்லை அவை. நிதானமாக நடப்பவை, அடுத்த புதர் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தாலும் அந்தத் தூரம் முழுக்க ஆபத்து. பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையை வெட்டி, அதில் ஊசிக்கலாவையும் தவிட்டுக்கொய்யாவையும் குறிஞ்சியையும் வைத்து, அவை இடுப்பளவு வளர்ந்த பிறகு அடுத்த பட்டையில் கைவைத்தால் ஓணான்கள் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும். சோலை மரக் கன்றுகளையும் புல்லையும் மட்டும் நட்டுவிட்டு, விளிம்புப் புதர்களை மறந்துவிடுகிற மீட்பு வேலை இந்த உயிருக்குப் பாதி வீட்டைத்தான் திருப்பித் தரும்.

காலநிலை மாற்றத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறும்போது குளிருக்குப் பழகிய உயிர்கள் மேலே ஏறும். கோத்தகிரி உயரத்தில் வாழும் ஓணான் கூட்டத்துக்கு இன்னும் 800 மீட்டர் ஏற இடம் உண்டு. தொட்டபெட்டாவில் இருப்பதற்கு அதுவும் இல்லை. கீழிருந்து, வெப்பத்துக்குப் பழகிய சமவெளி ஓணான் மெல்ல மேலே வரவும் வாய்ப்புண்டு. அது இதைவிடப் பெரியது, வேகமானது, ஒரு தடவைக்கு இடும் முட்டைகளும் அதிகம். மேலே ஏறுவதற்கான பாதையும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களும், கேரட், உருளைக்கிழங்கு வயல்களும், சாலைகளும், சீகைக் காடும் அந்தப் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. வயலோரத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வேலிப் புதரைக் கவாத்து செய்யாமல் விடுவது, அதில் பூச்சி மருந்து அடிக்காமல் இருப்பது, இதெல்லாம் ஒரு விவசாயி கூடுதல் செலவில்லாமல் செய்யக்கூடியவை. வேலியை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஓணான் உடம்பு சூடேறி நகரக்கூடிய வெயில் நேரத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக வெட்டிக்கொண்டு போகலாம். விடியற்காலைக் குளிரில் வெட்டினால் அது விறைத்துப்போய்க் கிளையைப் பிடித்தபடியே இருக்கும், அரிவாள் வருவது தெரிந்தாலும் நகர முடியாது.